கேளாமல் வந்த போரும் கடலூர் அஞ்சலையம்மாளும்

கடலூர் முதுநகரில் பஸ் ஏறிச் சிதம்பரம் போகும் தோழர்கள் ஆலப்பாக்கம் தாண்டி, புதுச்சத்திரம் தாண்டி, முட்லூரையும் தாண்டித்தான் வெள்ளாற்றுப் பாலத்தை அடைகிறார்கள். ஒரு மணி நேரப் பயணம். மூட்டை தூக்கி அலுத்தவர் கண்ணயர்ந்துவிடுவார். கண் விழித்திருப்பவரும் உப்பங்காற்றையும் சவுக்குத் தோப்பையும் பார்த்துக்கொண்டு போவார். அந்தப் பாதையின் தொடக்கத்தில் பிறந்து, அதன் மறுமுனையை அடுத்து வாழ்ந்து மறைந்த ஒரு பெண்மணியை எத்தனை பேர் நினைக்கிறோம்? முதுநகர் அவர் பிறந்த மண். முட்லூர் அவர் உழுது உண்ட மண். இடையிலே கிடப்பது சிறைச்சாலைகளும் ஒரு சட்டமன்றமும் ஓர் உலகப்போரும்!

அவர்தாம் அஞ்சலையம்மாள். தென்னாட்டின் ஜான்சி ராணி என்று காந்தியார் பாராட்டியதாக நாடு சொல்லும் அந்த அம்மையார்தாம். படத்தை மேடையிலே மாட்டுகிறோம், மாலை போடுகிறோம், கைதட்டுகிறோம். படத்தில் இருப்பவர் செய்தது என்ன என்று கேட்டால் பாதிப் பேர் விழிக்கிறோம். அவர் எந்தக் கட்சிக் கொடியைப் பிடித்தார் என்பது இன்றைய பேச்சன்று. நாட்டைக் கேளாமல் ஒரு போர் வந்தபோது, மக்களிடம் வாக்கு வாங்கிய ஒருவர் எப்படி நடந்துகொண்டார் என்பதுதான் பேச்சு. வாக்குச்சீட்டுக்கு என்ன விலை என்று தெரிந்துகொள்ள விரும்பும் எந்தத் தொழிலாளிக்கும் அந்த வாழ்க்கையில் பாடம் உண்டு.

1890இல் முதுநகரில் எளிய குடும்பமொன்றில் பிறந்தார். பள்ளிப்படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. அந்நாளில் அந்தக் குடும்பத்துப் பெண்ணுக்கு அதுவே பெரிது. முருகப்பாவை மணந்தார். ஒத்துழையாமை இயக்கம் நாடெங்கும் மூண்ட 1921இல் இந்தத் தம்பதிகளும் அதிலே குதித்தார்கள். தென்னாட்டிலே அந்த இயக்கத்தில் இறங்கிய முதற் பெண்மணி என்று அவரைச் சொல்வார்கள். முதலா இரண்டாவதா என்ற கணக்கை விட்டுவிடுவோம். முப்பது வயதுப் பெண், கைக்குழந்தைகளோடு, தெருத் தெருவாகக் கதர் பேசிக்கொண்டு போவது அன்றைக்கு எவ்வளவு ஏச்சுக்கு இடமாயிருக்கும் என்பதை மட்டும் எண்ணிப் பார்ப்போம். இருந்த நிலபுலத்தையும் வீட்டையும் விற்று இயக்கத்தில் போட்டார்கள். விற்று வாங்கியது எது? சிறை!

சென்னை மௌண்ட் ரோட்டிலே அப்போது ஒரு சிலை நின்றது. நீல் என்ற வெள்ளைத் தளபதியின் சிலை. 1857 புரட்சியின்போது சென்னைப் படையோடு வடக்கே போய், அலகாபாத்திலும் கான்பூரிலும் அகப்பட்டவரையெல்லாம் தூக்கிலிட்டுப் பழிதீர்த்தவன் அவன். அந்த ஆண்டே லக்னோவில் குண்டுபட்டு மாண்டான். கொன்றவனுக்குச் சிலை, கொலையுண்டவர்களுக்குக் கல்லறைகூட இல்லை! அந்தச் சிலையை அகற்று என்று 1927இல் கிளர்ச்சி எழுந்தது. சுத்தியலும் கையுமாகத் தொண்டர்கள் சிலையை நோக்கிப் போனார்கள், பிடிபட்டார்கள், அடுத்த அணி போயிற்று. கடலூரிலிருந்து அஞ்சலையம்மாள் போனார். தனியாகப் போனாரா? மகள் அம்மாக்கண்ணுவையும் அழைத்துக்கொண்டு போனார். அந்தச் சிறுமிக்கு வயது ஒன்பது. தாய்க்கும் சிறை, மகளுக்கும் சிறை.

பெற்ற மகளைச் சிறைக்கு அழைத்துப்போவது சரியா என்று கேட்கும் தோழர்கள் நம்மிடையே இருப்பார்கள். கேட்கவேண்டிய கேள்விதான். நாமும் கேட்டுப் பார்த்தோம். அந்த வயதில் ஆலைக்கும் தோட்டத்துக்கும் கூலிக்குப் போன குழந்தைகளை யார் கேட்டார்கள் என்பதுதான் நமக்குத் தோன்றிய விடை. அது முழு விடையாகாது என்பதும் தெரியும். அதே 1927இல் கடலூருக்கு வந்த காந்தியார் சிறுமியின் செய்தி அறிந்து வியந்தார். பின்னர் அவளைத் தம் ஆசிரமத்துக்கு அழைத்துக்கொண்டு, லீலாவதி என்று புதுப்பெயரும் சூட்டினார். அந்த லீலாவதிதான் வளர்ந்து க.ரா. ஜமதக்னியின் வாழ்க்கைத் துணைவியானார். ஜமதக்னி யார்? மார்க்ஸ் எழுதிய மூலதனத்தைத் தமிழிலே பெயர்த்துத் தந்த அறிஞர். மாமியார் வெள்ளையன் சிலையை எதிர்த்தார், மருமகன் முதலாளித்துவத்தின் கணக்கைத் தமிழிலே எழுதினார். ஒரு குடும்பம் நாட்டுக்குத் தந்த கொடை இது!

1930இல் உப்புப் போர். அதிலும் அம்மையார் இருந்தார். தொடர்ந்து வந்த மறியல்களில் மீண்டும் பிடிபட்டு வேலூர்ச் சிறைக்குப் போனபோது அவர் கருவுற்றிருந்தார். பேறுகாலம் நெருங்கவே அரசாங்கம் தற்காலிகமாக வெளியே விட்டது. வீட்டுக்கு வந்தார், ஆண்மகவு பெற்றார். பெற்ற மேனி தேறுமுன், பச்சைக் குழந்தையை இடுப்பிலே வைத்துக்கொண்டு, மிச்சத் தண்டனையைக் கழிக்கச் சிறைக்கே திரும்பினார். மன்னிப்பு எழுதிக் கொடுத்திருந்தால் வீட்டிலேயே இருந்திருக்கலாம். எழுதிக் கொடுக்கவில்லை. அந்தப் பிள்ளைக்கு ஜெயில் வீரன் என்றே பெயர் வழங்கிற்று. நாம் நம் பிள்ளைகளுக்குத் தலைவர்கள் பெயரை வைக்கிறோம். அவர் சிறைச்சாலையின் பெயரையே வைத்தார்.

1934இல் காந்தியார் தீண்டாமை ஒழிப்புப் பயணமாகக் கடலூருக்கு வந்தார். அஞ்சலையம்மாளை அவர் சந்திக்கக் கூடாது என்று தடை. அம்மையார் முஸ்லிம் பெண்மணியைப்போலப் பர்தா அணிந்து, குதிரைவண்டியில் ஏறி வந்து சந்தித்துவிட்டார் என்று கடலூர்ப் பெரியவர்கள் சொல்லிச் சொல்லி மகிழ்வார்கள். போலீசார் வண்டியைப் பார்த்தார்கள், உள்ளே இருந்த துணிவைப் பார்க்கவில்லை!

இனித்தான் வாக்குச்சீட்டின் கதை வருகிறது.

1935ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1937இல் தேர்தல் நடந்தது. எல்லார்க்கும் வாக்கு என்று எண்ணிவிடாதீர்கள். வரி கட்டுகிறவன், சொத்துள்ளவன், படித்தவன் — இவர்களுக்கே வாக்கு. சொத்துள்ளவன் மனைவி என்ற வழியிலே சில பெண்களுக்கும் வாக்கு. முதுநகர்த் துறைமுகத்தில் படகிலிருந்து மூட்டை இறக்கிய தொழிலாளிக்கும், நெல்லிக்குப்பம் ஆலைக்குக் கரும்பு வெட்டிக் கொடுத்த கூலியாளுக்கும், பரங்கிப்பேட்டையில் வலை வீசிய மீனவனுக்கும் பெரும்பாலும் வாக்கில்லை. அப்படிப்பட்ட தேர்தலில்தான் சென்னைச் சட்டசபையின் 215 இடங்களில் 159ஐக் காங்கிரஸ் பிடித்தது. பெண்களுக்கென்று ஒதுக்கிய இடங்கள் எட்டே எட்டு. கடலூரிலிருந்து அஞ்சலையம்மாள் சட்டசபைக்குச் சென்றார். ஐந்தாம் வகுப்புப் படித்தவர், ஐ.சி.எஸ். அதிகாரிகளும் பாரிஸ்டர்களும் நடமாடிய கோட்டையிலே உட்கார்ந்தார். அந்த 1937இலேயே நீல் சிலை மௌண்ட் ரோட்டை விட்டு அகன்று பொருட்காட்சிச் சாலைக்குப் போய்ச் சேர்ந்தது. பத்தாண்டுக்கு முன் அந்தச் சிலைக்காகச் சிறை சென்ற பெண், சட்டசபை அங்கத்தினராக இருந்து அது அகன்றதைக் கண்டார்.

இரண்டரை ஆண்டு போயிற்று. 1939 செப்டம்பர் 3. இங்கிலாந்து ஜெர்மனியோடு போர் தொடுத்தது. அதே நாளில் வைசிராய் லின்லித்கோ, இந்தியாவும் போரில் இருக்கிறது என்று அறிவித்துவிட்டார். டில்லிச் சட்டசபையைக் கேட்டாரா? இல்லை. மாகாண மந்திரிசபைகளைக் கேட்டாரா? இல்லை. நாற்பது கோடி மக்கள் தூங்கி எழுந்தார்கள், போரில் இருந்தார்கள்!

போரின்போது மக்களைக் கேட்க முடியுமா என்று சிலர் வாதாடுவார்கள். முடியும் என்பதற்கு அமெரிக்க வரலாற்றிலே சான்று இருக்கிறது. 1864. வடக்கும் தெற்கும் மோதி நான்காம் ஆண்டு. வீட்டுக்கு வீடு சாவு. போர் போதும் என்ற குரல் ஓங்கியிருந்தது. ஆப்ரகாம் லிங்கன் மீண்டும் தேர்தலில் நிற்கவேண்டும். அவரை எதிர்த்து நின்றவர், அவரே பதவியிலிருந்து நீக்கிய தளபதி மக்லெல்லன். தாம் தோற்றுவிடுவோம் என்றே அந்த ஆகஸ்டு மாதம் லிங்கன் எண்ணினார். தோற்றால் அடுத்து வருபவரோடு எப்படி ஒத்துழைப்பது என்று ஒரு தாளில் எழுதி மடித்து, உள்ளே இருப்பதைக் காட்டாமலே மந்திரிகளிடம் கையெழுத்து வாங்கி வைத்தார். ஆனால் தேர்தலைத் தள்ளிப்போடவில்லை. போர்க்களத்தில் நின்ற சிப்பாய்களில் பலரும் வாக்களித்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் லிங்கனுக்கே போட்டார்கள். 212 தேர்வாளர் வாக்குகள் அவருக்கு, 21 எதிரிக்கு. அடிமைத்தளையை அறுக்கும் போரை முடித்துவை என்று மக்கள் சொன்னார்கள். சொல்லும் உரிமை அவர்களுக்கு இருந்தது. பிரிந்துபோன தெற்கு அதில் வாக்களிக்கவில்லை, அடிமைகளாய்க் கிடந்த நீக்ரோ மக்களுக்கும் வாக்கில்லை என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

நூறாண்டு கழித்து அதே அமெரிக்கா வியட்நாமிலே சிக்கிக்கொண்டது. 1968. ஐந்து லட்சத்துக்கு மேற்பட்ட அமெரிக்கச் சிப்பாய்கள் அந்த ஏழை நாட்டிலே நின்றார்கள். ஜனாதிபதி ஜான்சன் மறுபடி நிற்கமாட்டேன் என்று மார்ச் 31ஆம் நாள் விலகினார். ஆகஸ்டிலே சிகாகோவில் ஆளும் கட்சி மாநாடு கூடியபோது வெளியே இளைஞர்களின் மண்டையைப் போலீசார் உடைத்தார்கள். நாடே இரண்டாகப் பிளந்து நிற்க, நிக்சன் நூற்றுக்கு ஒரு வாக்குக்கும் குறைவான வித்தியாசத்தில் வென்றார். வென்றவர் போரை உடனே நிறுத்தினாரா? இல்லை, இன்னும் நாலாண்டு இழுத்தார். ஆக, வாக்குச்சீட்டு இருந்தால் மட்டும் போர் நின்றுவிடாது. ஆனால் வாக்குச்சீட்டு இருந்தபடியால் போரை நடத்தியவன் பதில் சொல்ல வேண்டியவனானான். ஜான்சன் விலகியதே அதற்குச் சான்று.

இந்தியாவிலே பதில் சொல்ல வேண்டியவன் யார்? கேள்வி கேட்க மன்றமே இல்லாது போயிற்று. கேளாமல் போரில் இழுத்ததைக் கண்டித்து 1939 அக்டோபரில் சென்னை மந்திரிசபை ராஜிநாமா செய்தது. கவர்னர் ஆட்சி வந்தது. 1934இல் தேர்ந்தெடுத்த டில்லிச் சட்டசபை, புதிய தேர்தல் இன்றி 1945 வரை நீடித்தது. போர் முடியும்வரை நாட்டின் கருத்தைக் கேட்க ஒரு வாக்குப்பெட்டியும் வைக்கப்படவில்லை.

நாடு ஒருமித்து நின்றதா என்றால் அதுவும் இல்லை. நேர்மையாகச் சொல்ல வேண்டும். இட்லர் வெல்லக்கூடாது என்பதிலே அறிவுடையோர்க்கு ஐயமில்லை. ஆனால் அவனை வீழ்த்தும் போருக்கு வெள்ளைக்காரனோடு சேர்வதா, சேரும் முன் விடுதலை கேட்பதா என்பதிலே பிளவு. பெரியாரும் ஜஸ்டிஸ் கட்சியும் போர் முயற்சிக்கு ஆதரவு தந்தார்கள். 1941 ஜூனில் இட்லர் சோவியத் நாட்டின்மேல் பாய்ந்தபின் கம்யூனிஸ்டுகள் இதை மக்கள் போர் என்றார்கள். ராஜாஜி 1942இல் காங்கிரசோடு முறித்துக்கொண்டு வேறு வழி சொன்னார். ஒவ்வொருவரிடமும் ஒரு நியாயம் இருந்தது. இன்று இருந்துகொண்டு அன்றைய மனிதரை ஏசுவது எளிது. நாம் அதைச் செய்யப் போவதில்லை.

அஞ்சலையம்மாள் என்ன செய்தார் என்பதை மட்டும் பார்ப்போம்.

1940 அக்டோபரில் காந்தியார் தனிநபர் சத்தியாகிரகம் தொடங்கினார். கூட்டம் சேர்ப்பதில்லை, கல் எறிவதில்லை. தேர்ந்தெடுத்த ஒருவர், இன்ன நாள் இன்ன இடத்தில் போரை எதிர்த்துப் பேசப்போகிறேன் என்று ஜில்லா மாஜிஸ்டிரேட்டுக்கு முன்கூட்டியே எழுதிவிட வேண்டும். பிறகு அங்கே போய், இந்தப் போருக்கு ஆளாலும் பணத்தாலும் உதவாதே என்று சொல்ல வேண்டும். சொன்னதும் கைது. இரண்டாம் கட்டத்திலே சட்டசபை அங்கத்தினர்கள் முன்னே வரவேண்டும் என்று ஏற்பாடு. ஏன் அவர்கள்? கேட்காமல் விடப்பட்டவர்கள் அவர்கள்தாமே! மக்கள் அவர்களிடம்தானே வாயைக் கொடுத்திருந்தார்கள்! கோட்டையிலே பேச இடமில்லை என்றால் கடைத்தெருவிலே பேசு என்பதுதான் அதன் பொருள்.

அம்மையார் அந்தப் படையிலே சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது ஐம்பது. பிள்ளை பெற்று உடம்பு தளர்ந்தவர், சிறைச்சோறு தின்று தின்று மெலிந்தவர். போய் வந்தது போதும், இளைஞர்கள் போகட்டும் என்று அவர் ஒதுங்கியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். சட்டசபை அங்கத்தினர் என்ற மரியாதை இருந்தது. அந்த மரியாதையை வீட்டிலே பூட்டி வைக்காமல் சிறைக்கு எடுத்துக்கொண்டு போனார். முன்னும் பின்னுமாக அவர் சிறையில் கழித்த காலத்தைக் கூட்டினால் ஆண்டுக்கணக்காகும்.

வெளியே போர் மக்களை எப்படி நெருக்கியது என்பதையும் மறக்கலாகாது. 1942இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்தது. ரங்கூன் அரிசி வரவு நின்றது. நெல் விளையும் கொள்ளிடக் கரையிலேயே அரிசிக்குத் திண்டாட்டம். பர்மாவிலிருந்து தமிழன் காடும் மலையும் கடந்து நடந்தே வந்தான், வழியிலே செத்தவர் பலர். ஏப்ரல் 6ஆம் நாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. சென்னையைவிட்டு மக்கள் மூட்டை முடிச்சோடு ஓடினார்கள். அடுத்த ஆண்டு வங்காளத்திலே பஞ்சம், சுமார் முப்பது லட்சம் பேரை விழுங்கிற்று. இருபத்தைந்து லட்சம் இந்தியர் பட்டாளத்தில் சேர்ந்தார்கள். பாதிப் பேரைச் சேர்த்தது வீரமென்றால், மீதிப் பேரைச் சேர்த்தது வயிறு. அந்தச் சிப்பாய்களை நாம் குறைத்துப் பேசவில்லை. அவர்களும் நம் வீட்டுப் பிள்ளைகள்தாம். அவர்களை அனுப்பியவன் அவர்களுடைய தாய்தந்தையரைக் கேட்கவில்லையே என்பதுதான் அம்மையாரின் வழக்கு, நம் வழக்கும் அதுவே.

1946இல் மாகாணத் தேர்தல் வந்தது. கேட்க மறுத்தவர்கள் இறுதியில் கேட்டே ஆகவேண்டியிருந்தது. மக்கள் தீர்ப்பு ஐயத்துக்கு இடமின்றி விழுந்தது. அடுத்த ஆண்டு ஆகஸ்டிலே யூனியன் ஜாக் இறங்கிற்று. சட்டமன்ற வாழ்வு அம்மையாருக்கு ஒரு முறையோடு முடியவில்லை, மீண்டும் மக்கள் பிரதிநிதியாக இருந்தார். பதவியில் இருந்து என்ன சேர்த்தார் என்று கேட்பீர்கள். அதற்குத்தான் முட்லூர்ப் பக்கம் போகவேண்டும்.

சிதம்பரத்துக்கும் பரங்கிப்பேட்டைக்கும் அருகே தீர்த்தாம்பாளையம் என்ற ஊர். பெயரிலே தீர்த்தம், குடத்திலே தண்ணீர் இல்லை. கடலோரத்து மண்ணுக்கே உள்ள தொல்லை, தோண்டினால் உவர். ஊர்ப்பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்தார்கள். புவனகிரிப் பக்கம் வரும் வீராணம் வாய்க்காலிலிருந்து ஒரு கிளை வெட்டி ஊருக்குத் தண்ணீர் கொண்டுவந்தார் அஞ்சலையம்மாள். ஊரார் அதற்கு அஞ்சலை வாய்க்கால் என்று பெயரிட்டார்கள். கல்வெட்டு வைத்து வந்த பெயரன்று, குடம் நிறைந்ததால் வந்த பெயர். ஒரு ஊரிலே மனிதன் பெயர் சொல்லித் தண்ணீர் ஓடுமானால், அதைவிடப் பெரிய பட்டயம் எந்த அரசாங்கம் தரமுடியும்?

விடுதலைக்குப் பின் தியாகிகள் பலர் மானியம் கேட்டார்கள். கேட்டதிலே தவறில்லை, இழந்தவர்கள்தாம். அம்மையார் பெறவில்லை. முட்லூரிலே கணவரோடும் மக்களோடும் வயலில் பாடுபட்டு வாழ்ந்தார். 1961 பிப்ரவரியில் மறைந்தார். கடலூரில் விற்ற சொத்து திரும்பி வரவில்லை. திரும்பி வரும் என்று எண்ணி அவர் விற்கவுமில்லை.

தோழர்களே! கூட்டத்துக்குக் கொடி கட்டுகிறோம், சுவரொட்டி ஒட்டுகிறோம், தேர்தல் வந்தால் இரவு பகல் பாராமல் வீடு வீடாக ஏறி இறங்குகிறோம். ஒருவரை வெற்றிபெறச் செய்து அனுப்புகிறோம். அனுப்பியபின் என்ன கேட்கிறோம்? மகனுக்கு வேலை, மச்சானுக்கு லைசென்சு. இவற்றையும் கேட்கலாம், வயிறு இருக்கிறது. ஆனால் இன்னொன்றும் கேட்கவேண்டும். எங்களைக் கேளாமல் எங்கள் தலையில் ஒன்று ஏற்றப்படும்போது நீ எங்கே நின்றாய், எங்கள் ஊர்க்குடத்திலே தண்ணீர் இல்லாதபோது நீ எங்கே நின்றாய் என்று கேட்கவேண்டும். அஞ்சலையம்மாளிடம் இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் விடை உடனே கிடைத்திருக்கும். முதலாவதற்கு விடை சிறை. இரண்டாவதற்கு விடை வாய்க்கால்.

அடுத்த முறை முதுநகரில் பஸ் ஏறும்போது கண்ணயராதீர்கள். முட்லூர் வரும்போது வெளியே பாருங்கள். பக்கத்திலே உட்கார்ந்திருக்கும் பையனுக்கு அந்தப் பெயரைச் சொல்லுங்கள். அவனுக்கும் பதினெட்டு ஆனதும் வாக்கு வரும். அது யார் பட்ட பாட்டிலே வந்தது என்று அவன் தெரிந்துகொள்ளட்டும்.